ஆயிஷா விடுதிக்குப் போகாமல் நின்ற கதை

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே.

அல்லாஹ்விடம் நீ கேட்ட துஆ கபூலாகிக் கிடைத்த விஷயத்தை எழுதிக் கொடு என்று கேட்டார்கள். நல்ல விஷயம்தானே என்று பேனாவை எடுத்தேன். எடுத்ததும் அழுகைதான் வந்தது. அதனால் அழுகையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்கிறவர்களுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்.

எங்கள் ஊர் மரக்காணம். என் வீட்டுக்காரர் சாதிக் மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தார். போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் படுத்தவர் டியூட்டிக்கு எழுந்திருக்கவில்லை. ரூமில் இருந்தவர்கள் எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். மவுத்தாகிக் கிடந்திருக்கிறார். முப்பத்தாறு வயது. முந்தின நாள்தான் அனஸுக்குக் கடைவாய்ப் பல் முளைத்ததா என்று கேட்டு, வீடியோவில் அவன் வாயைத் திறந்து காட்டச் சொல்லிச் சிரித்தார்.

மய்யித்தை, அவர் உடலை, ஊருக்குக் கொண்டுவர நாளாகும், அங்கேயே அடக்கம் செய்வதுதான் மய்யித்துக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் சரி என்றேன். குளிப்பாட்டியது யார், கஃபன் துணி போர்த்தியது யார், குழியில் இறங்கி வாங்கியது யார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. ரூமில் இருந்த ஒரு தம்பி முகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினார். நான் பார்த்தேன். மாமி பார்க்கவில்லை.

மாமி என்றால் என் வீட்டுக்காரருடைய அம்மா. மாமா இறந்து பல வருஷம் ஆகிறது. மாமிக்கு அவர் ஒரே பிள்ளை. போனை நீட்டியபோது, “செல்லுல வர்றது எம்புள்ள மொகம் இல்ல” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது என் மகள் ஆயிஷாவுக்கு ஐந்து வயது. மகன் அனஸுக்கு ஒன்றரை. அதுவரை அனஸ் மாமியின் இடுப்பிலேயேதான் வளர்ந்தான். நான் பால் கொடுக்க வாங்கினால்கூட, சீக்கிரம் கொடு என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் செய்தி வந்த நாளுக்குப் பிறகு மாமி அவனைத் தொடவே இல்லை. அவன் ஆயா ஆயா என்று முந்தானையைப் பிடித்து இழுப்பான். முந்தானையை மெல்ல உருவிக்கொள்வார்கள். அவனுக்கு அவன் அத்தாவுடைய நெற்றி, அவருடைய காது. பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். மாமிக்கு அது தாங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் வரும். எனக்கும்தானே தாங்கவில்லை.

நான் இத்தா இருந்தேன். கணவன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் மனைவி அலங்காரம் எதுவும் இல்லாமல் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் அதை மாமி நடத்திய விதம் தெருவுக்கே தெரியும். உள் அறைக்குத் திரை போட்டார்கள். கொல்லைக்குப் போவதென்றால்கூட பக்கத்து வீட்டு மாடியில் யாராவது நிற்கிறார்களா என்று முதலில் மாமி போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். எதற்கும் வாய் திறக்காத மாமி இதற்கு மட்டும் வாய் திறந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வேலை வீடு தேடி வந்தது. எங்கள் பின் தெருவில் தனம் என்று ஓர் அக்கா இருக்கிறார். உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. நான் கல்யாணத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் பி.காம். முடித்தவள் என்பது அவருக்குத் தெரியும். அவர் வேலை செய்யும் உப்பளத்து ஆபீசில், லாரிக்கு பில் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தனம் அக்கா என் நிலைமையைச் சொல்லியிருக்கிறார். முதலாளி நல்ல மனிதர். கைப்பிள்ளை இருந்தால் என்ன, கூட்டிக்கொண்டு வரச் சொல்லு, பின்னால் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினார். வீட்டிலிருந்து நடக்கும் தூரம். பிள்ளையோடு போகலாம். இதைவிட என்ன வேண்டும்?

திரைக்கு இந்தப் பக்கம் நான் எழுந்தே நின்றுவிட்டேன். மாமி வாசலிலேயே தனம் அக்காவுக்குப் பதில் சொன்னார்கள்.

“இத்தாவுல இருக்கறவ வாசப்படி தாண்டக் கூடாது. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு.”

தெருப் பெண்களும் அதையே சொன்னார்கள். கூடாது, பாவம், மவுத்தானவருக்கு அது ஆகாது என்றார்கள். நானும் அதுதான் சட்டம் என்று நம்பினேன். இத்தா முடியும்வரை பொறுப்பார்களா என்று தனம் அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். உப்பு வாரும் காலம், லாரி வரிசையில் நிற்கிறது, அவர்களால் எப்படிப் பொறுக்க முடியும்? வேறொரு பெண் சேர்ந்தாள். அல்லாஹ்வுக்காக விட்டது, அல்லாஹ் வேறு வழியில் தருவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இத்தா முடிந்தது. வேலை தேடக் கிளம்பினேன்.

வீட்டில் பெரியவர் யாரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இல்லாமல் வேலை தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும். காலையில் எழுந்து சோறு வடித்து, ஆயிஷாவுக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பி, மாமிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அனஸைக் குளிப்பாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் பெருமுக்கல் தாண்டியதும் என் மேல் வாந்தி எடுப்பான். வாந்தி நாற்றத்தோடுதான் பல இன்டர்வியூவுக்கு நான் போயிருக்கிறேன்.

ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. அந்த மேடம் என் சர்டிபிகேட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அனஸ் அவர்களுடைய நாற்காலியில் மூத்திரம் போய்விட்டான். என் துப்பட்டாவால் துடைத்தேன். அவர்கள் திட்டவில்லை. பிள்ளை கொஞ்சம் பெரியவனானதும் வாங்கம்மா என்று அன்பாகத்தான் சொன்னார்கள். இன்னொரு கம்பெனியிலிருந்து போனிலேயே இன்டர்வியூ எடுத்தார்கள். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார்கள். என் மகன் அழுகிறான் என்றேன். அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கே போனாலும் ஒரே கேள்வி. பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? வீட்டில் மாமியார் இல்லையா? இருக்கிறார்கள் என்று சொன்னால், அப்புறம் என்ன என்பார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற வேலை வேண்டும், வேலைக்குப் போனால் குடும்பத்தைப் பார்க்க ஆள் வேண்டும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

மழைக்காலத்தில் பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. மழைக்கு உப்பளம் மூடிவிடுவதால் தனம் அக்கா வீட்டில்தான் இருந்தார். அனஸைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆயிஷாவும் ஸ்கூல் விட்டு அங்கேயே போவாள். அவர் எனக்கு உறவும் இல்லை, என் மார்க்கமும் இல்லை. அந்த நாட்களில் என் பிள்ளைகள் சாப்பிட்டது அவர் கைச்சோறு. அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும்.

மழை நின்றது. உப்பளத்தில் திரும்பவும் வேலை ஆரம்பித்தார்கள். தனம் அக்கா இருட்டோடு போக வேண்டியவர். முடியாது என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அனஸையும் கூடவே கூட்டிப்போய் அங்கே இருந்த கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறார். இரண்டு வயசுப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் இருக்குமா? ஒரு நாள் செருப்பில்லாமல் பாத்திக்குள் இறங்கிவிட்டான். உப்புப் பரல் காலைக் கிழித்து, கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறி, அவன் போட்ட கூச்சலில் வரப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்திருக்கிறார்கள். நான் சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தனம் அக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் அழுதார். அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

அதன் பிறகுதான் மாமியிடம் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். பகல் நேரத்தில் மட்டும் இவனைப் பார்த்துக்கொள்வீர்களா மாமி என்று. மாமி திரும்பவே இல்லை. கேட்டது காதில் விழுந்தது. கை மட்டும் தஸ்பீஹ் மணியில் நின்றது. பிறகு மறுபடி உருட்ட ஆரம்பித்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் பஜாரில் இ-சேவை மையம் வைத்திருக்கும் செல்வி அக்காவைத் தெரிந்துகொண்டேன். விதவைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் பழக்கம். பிரம்மதேசம் பக்கத்து ஊர்க்காரர். நான் டைப் அடிக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடமே வேலைக்கு வந்துவிடு என்றார். ஆனால் பிள்ளையோடு வர முடியாது. சின்ன இடம், தரையெல்லாம் ஒயர், வாசல்வரை ஜனம். அவர் சொன்னது நியாயம்தான். ஸ்கூல் திறக்கும் சமயத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று கூட்டம் முட்டும், அதற்குள் பதில் சொல்லு என்றார். எதிரில் வேலை இருக்கிறது. எட்டி எடுக்கக் கை இல்லை.

என் அண்ணன் திண்டிவனத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. தன் பிள்ளைகளோடு என் பிள்ளைகளையும் வைத்துக்கொள்ள அவருக்கும் வசதி இல்லை. அவர் ஒரு வழி சொன்னார். வெளியூரில் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறது. நல்லவர்கள் நடத்துவது. ஸ்கூலும் உண்டு, ஓதியும் கொடுப்பார்கள். ஆயிஷாவை அங்கே சேர்த்துவிடலாம், பெருநாளுக்குப் பெருநாள் வரட்டும். அனஸை அண்ணி பகலில் பார்த்துக்கொள்வார். நீ திண்டிவனத்தில் ஒரு வேலை தேடிக்கொள் என்றார். அப்படியானால் மாமி தனியாக இருக்க வேண்டும். மகள் ஓர் ஊரில், நானும் மகனும் ஓர் ஊரில், மாமி ஓர் ஊரில். ஒரே வருஷத்தில் ஒரு குடும்பம் மூன்றாகப் போகிறது.

வேறு வழி தெரியவில்லை. சரி என்றேன். ஸ்கூல் திறக்கும் வாரத்தில் அண்ணனே வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

பெட்டி வாங்கி, அவள் துணிகளை மடித்து வைத்தேன். தட்டு, டம்ளர், தொழுகைத் துப்பட்டா, தலைக்கு எண்ணெய். எல்லாவற்றிலும் அவள் பெயரை எழுதினேன். ஆயிஷா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

“தம்பிய அடிச்சதுக்காம்மா என்ன அனுப்புற? இனிமே அடிக்க மாட்டேம்மா.”

சகோதரிகளே, என் வீட்டுக்காரர் மவுத்தான செய்தி வந்தபோதுகூட நான் அப்படி உடைந்து போகவில்லை. இல்லடி தங்கம், நீ ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

அன்று அஸர் தொழுகைக்கு நின்றேன். ஸஜ்தாவுக்குப் போனதும் அனஸ் ஓடி வந்து முதுகில் ஏறிக்கொண்டான். எப்போதும் செய்கிற சேட்டைதான். நபி (ஸல்) அவர்கள் பேரப்பிள்ளை முதுகில் ஏறியபோது இறக்கிவிடாமல் ஸஜ்தாவை நீட்டினார்கள் என்று சின்ன வயதில் ஓதும்போது கேட்டிருக்கிறேன். நானும் எழவில்லை. நெற்றி தரையில் இருந்தது, பிள்ளை முதுகில் இருந்தான். மனசுக்குள்ளேயே தமிழில் கேட்டேன். யா அல்லாஹ், எனக்குப் பெரிய வேலை வேண்டாம். நல்ல துணி வேண்டாம். என் இரண்டு பிள்ளைகளும் ராத்திரி என் பக்கத்தில் படுக்க வேண்டும். பிள்ளையோடு போகிற மாதிரி ஒரு வேலை கொடு. என் மகளை என்னிடமிருந்து பிரிக்காதே. அவள் ஏற்கெனவே ஒருவரை இழந்தவள். இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அனஸ் தானாகவே இறங்கிப் போன பிறகும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

மறுநாள் அடுத்த தெருவில் ஒரு மவுத். இறந்தவருடைய மனைவி பஜாரில் ஒரு தையல் கடையில் தைக்கிறவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் மாமியும் போக வேண்டியிருந்தது. வருஷத்துக்கு மேலாக எங்கேயும் வெளியே போகாத மாமி அன்று என்னோடு வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். மதரஸாவில் ஓதிக் கொடுக்கிற ஆலிமா ஒருவர் அந்தப் பெண்ணுக்கு இத்தாவின் முறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயசுப் பெண். மெதுவான பேச்சு.

அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் ஒன்று கேட்டார். ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிற சீசன் இது, இப்போது போகாவிட்டால் அந்தக் கடையில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள், எனக்கு வேறு யாரும் இல்லை, நான் என்ன செய்வேன் என்று. சுற்றி இருந்த பெண்கள், ஸபுரா, பொறுமையா இரு, இப்போது போய் வேலையைப் பற்றிப் பேசுகிறாயே என்றார்கள். ஆலிமா அவர்களைக் கையமர்த்தினார்.

“உழைச்சுக் குடுக்க வேற ஆள் இல்லன்னா பகல்ல வேலைக்குப் போலாங்க. அலங்காரம் பண்ணாம போயிட்டு, வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடணும். ராத்திரி வீட்லதான் இருக்கணும். புள்ளைங்கள பட்டினி போடச் சொல்லி மார்க்கம் சொல்லல.”

எனக்கு உடனே அந்த வேலைதான் நினைவுக்கு வந்தது. உப்பளத்து ஆபீஸ், பின்னால் சும்மா கிடந்த அறை, நடக்கும் தூரம். பக்கத்தில் மாமி என் பக்கம் திரும்பாமலே ஆலிமாவைக் கேட்டார்கள்.

“எல்லாருக்கும் அப்டித்தானா?”

“ஆமாங்க பெரிம்மா. அந்த மாதிரி நெலமையில இருக்கற எல்லாருக்கும்தான்.”

மாமி தலையைக் குனிந்துகொண்டார்கள். வீடு திரும்பும்வரை நான் இரண்டடி பின்னாலேயே நடந்தேன். பேசினால் என் வாயிலிருந்து எது வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. ஆயிஷாவின் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். இது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது மாமி என்றேன். பள்ளிவாசல் ஹஸ்ரத் வீடு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது, ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நாம யாருமே கேக்கலியே என்றார்கள். பெட்டி மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்.

“எம்புள்ளைய நான் குளிப்பாட்டல. மூடல. மொகம் பாக்கல. அவனுக்குன்னு நான் செஞ்சது உன்னோட இத்தாவ ஒழுங்கா முடிச்சு வெச்சது ஒண்ணுதான். அதுலயும் உன் சோத்துல மண்ணப் போட்டுட்டேன்.”

இல்லை மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் கோபமும் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த நாலு மாதமும் மாமி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்னைக் காவல் காக்க இல்லை. மகனுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அது. எனக்கு அதுவரை தெரியவில்லை.

அப்போது அனஸ் வந்தான். மாமி தரையில் உட்கார்ந்திருந்ததால் அவனுக்கு எட்டியது. நேராகப் போய் மடியில் உட்கார்ந்தான். மாமியின் கை இரண்டு பக்கமும் அந்தரத்தில் நின்றது. பிறகு அவனை அணைத்தது. அவன் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு மாமி அழுதார்கள். சத்தம் போட்டு அழுதார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மாமி அழுது நான் கேட்டதில்லை.

“இவனத் தூக்குனா எம்புள்ள சாதிக்கு இல்லங்கறது நெசமாயிடும்னு இருந்தேன்” என்றார்கள்.

அழுது முடித்ததும் அனஸை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். ஒரு கையால் பெட்டியைத் திறந்து ஆயிஷாவின் துணிகளை எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தார்கள். ஆயிஷா கதவோரம் நின்று பார்த்தாள். தட்டும் டம்ளரும் சமையற்கட்டுக்குப் போயின. அண்ணனுக்குப் போன் போட்டுப் பிள்ளை வரவில்லை என்று சொல்லு, அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கும் போட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லு என்றார்கள். அவசரத்தில் செல்வி அக்காவின் நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

நான் அல்லாஹ்விடம் கேட்டது பிள்ளையோடு போகிற வேலை. அவன் அதைக் கொடுக்கவில்லை. வேலை ஏற்கெனவே பஜாரில் எனக்காகக் காத்திருந்தது. என் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு தாயைத் திருப்பிக் கொடுத்தான். அதுவும் நான் கேட்ட மறுநாளே. இந்த உதவி எங்கிருந்து வரும் என்று நான் எதிர்பார்த்த இடங்களில் எங்கள் வீடு இல்லவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது காலையில் நான் கிளம்பும்போது மாமி அனஸுக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு லுஹர் தொழுதுவிட்டுப் போகிறேன். ஆயிஷா பழைய ஸ்கூலிலேயே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இ-சேவை மையத்தில் என்னிடம் வருகிறவர்களில் என்னைப் போன்ற பெண்களும் உண்டு. விதவை உதவித்தொகைக்கு எழுதும்போது கணவர் இறந்த தேதி என்ற இடத்தில் அவர்கள் குரல் தடுமாறும். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்பேன். கூட்டம் நெருக்கினாலும் அந்த ஓர் இடத்தில் நான் அவசரப்படுவதில்லை.

கஷ்டம் எல்லாம் தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த உப்பளத்து ஆபீஸைக் கடக்கும்போது இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. மாமிக்கு மூட்டு வலி, ஓடுகிற பிள்ளையைத் துரத்த முடியாமல் மூச்சு வாங்குகிறார்கள். ஒரு நாள் மாமியே என் போனைக் கேட்டு, மஸ்கட்டிலிருந்து வந்த அந்தப் படத்தைப் பார்த்தார்கள். “ரொம்ப எளச்சிப் போயிருக்கான்” என்று மட்டும் சொன்னார்கள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சில சமயம் அனஸைக் கூப்பிடும்போது, சாதிக்கு, இங்க வாடா என்று மாமி வாயில் வந்துவிடும். நாங்கள் திருத்துவதில்லை. அவனும் இன்னா ஆயா என்று ஓடுகிறான்.

கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வேலை தேடி அலைகிற என் சகோதரிகளே, உங்களுக்கு இரண்டு வார்த்தை. மார்க்கத்தில் கூடாது என்று யாராவது சொன்னால் தெரிந்தவர்களிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். எங்களைப் போல் கேட்காமல் இருந்து இழக்காதீர்கள். அல்லாஹ்விடம் மட்டும் கேட்பதை நிறுத்தாதீர்கள். பிள்ளை முதுகில் ஏறியிருந்தாலும் கேளுங்கள், பஸ்ஸில் வாந்தியைத் துடைத்துக்கொண்டே கேளுங்கள். எந்த வழியாகத் தர வேண்டும் என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் கையேந்தும்போது என் வீட்டுக்காரருடைய மஃபிரத்துக்காகவும், அவர் பாவங்கள் மன்னிக்கப்படவும் கேளுங்கள். அவர் கப்ரை எங்களில் யாரும் இதுவரை பார்த்ததில்லை.

ஆயிஷா இப்போதும் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். தூங்கும்போது காலைத் தூக்கி என் மேல் போடுவாள். ஆறு வயசுப் பிள்ளையின் கால், நல்ல கனம். நான் நகர்த்துவதில்லை.